அரசியின் காலாளும் கல்கத்தா மகேசசந்திரரும்

சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்த ஆட்டம் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் இங்கே விளங்கிய இவ்வாட்டம் பாரசீகம் சென்று ‘சத்ரங்’ ஆகி, அரபு நாடுகளில் ‘ஷத்ரஞ்ச்’ ஆகி, ஐரோப்பாவை அடைந்து, அங்கே வேற்றுருக் கொண்டு, ஆங்கிலேயரின் கப்பலேறி மீண்டும் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. இதுவரை பலரும் எழுதியுள்ளனர். வந்து சேர்ந்தபின் என்ன நிகழ்ந்தது என்பதை எடுத்துரைப்போர் சிலரே. இன்று உலகெங்கும் ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயரால் வழங்கும் ஆட்டமுறை, நாம் பிழைக்க வந்து வாழும் இக் கரக்பூர் காலனியிலிருந்து 115 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கல்கத்தா நகரத்தில், ஒரு வங்காள அந்தணரின் கைவண்ணத்தால் பெயர் பெற்றது. அவ்வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதிவைப்பது பொருத்தமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் காய்களின் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் முதியோர் மந்திரி என்று சொல்லி ஆடிய காயே ஆங்கிலேயரின் அரசி. நம் காலனியில் அடுத்த வீட்டு வங்காளி நண்பர் அதனை இன்றும் மந்திரி என்றே அழைக்கிறார். நாம் யானை என்பதை அவர் படகு என்கிறார்; பிஷப்பைக் கஜம் என்கிறார். இந்தி பேசும் நண்பரோ மூலையில் நிற்பதை யானையென்றும் பிஷப்பை ஒட்டகமென்றும் கூறுகிறார். ஒரே பலகையில் மூவர் ஆடினால் யானை எங்கே நிற்கிறது என்பதே வழக்காகிவிடும்! ஆகவே இக்கட்டுரையில் அரசன், அரசி, யானை, பிஷப், குதிரை, காலாள் என்று கொள்வோம். கட்டங்களை இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையும், வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையும் எண்ணுவோம். வெள்ளையரசி டி1இல் நிற்கிறாள். அவள் முன் நிற்கும் காலாள் டி2இல் உள்ளான். அவனை இரண்டு கட்டம் முன்னேற்றி டி4இல் நிறுத்துவதே அரசியின் காலாள் தொடக்கம்.

அரசனின் காலாளை இ4க்கு ஏற்றி ஆடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இ4இல் நிற்கும் காலாளுக்கு ஆட்டத் துவக்கத்தில் காவல் இல்லை. எதிரி உடனே அவனைத் தாக்கலாம். சண்டை விரைவில் மூளும். டி4இல் நிற்பவனுக்கோ பின்னே அரசி காவல் நிற்கிறாள். ஆகையால் ஆட்டம் நிதானமாக வளரும். இருதரப்புப் படைகளும் அணிவகுத்த பின்னரே பெரும் போர் நிகழும். விரைவில் வெட்டிக்கொண்டு முடிக்க விரும்பும் இளைஞர்க்கு இ4 இனிக்கும். இரவுப் பணி முடித்துக் குளித்துவிட்டு வந்து பலகை முன் அமரும் நம்மனோர்க்கு டி4 நன்று என்பது நம் அபிப்பிராயம். நம் காலனிச் சிறுவர் இதை ஏற்பதில்லை. நான்கே நகர்த்தலில் எதிரியை முடிக்கும் வித்தையைக் கற்றுவந்து, அது ஒருமுறை பலித்துவிட்டால், பின் ஆறு மாதம் அதையே முயன்று தோற்பர்.

டி4க்குப் பின் கறுப்பும் டி5 ஆடினால், வெள்ளை சி4 ஆடித் தன் காலாளைப் பலியிடுவது போல் நீட்டுகிறது. இதற்கு அரசியின் காம்பிட் என்று பெயர். காம்பிட் என்பது ஆதாயம் கருதிக் காயை விட்டுக்கொடுப்பது. உண்மையில் இங்கே விட்டுக்கொடுப்பது ஒன்றுமில்லை. கறுப்பு அக்காலாளை வெட்டிவிட்டுக் காப்பாற்ற முயன்றால் நேர்வதைப் பாருங்கள். வெள்ளை இ3 ஆடுகிறது. கறுப்பு பி5 என்று முட்டுக்கொடுக்கிறது. வெள்ளை ஏ4 என்று அதனை இடிக்கிறது. கறுப்பு சி6 என்று மீண்டும் முட்டுக்கொடுக்கிறது. வெள்ளை பி5இல் வெட்ட, கறுப்பும் பதிலுக்கு வெட்டுகிறது. இப்பொழுது வெள்ளையரசி எஃப்3க்கு வருகிறாள். மூலையில் உள்ள ஏ8 யானை அவள் பார்வையில் நேரே நிற்கிறது; இடையில் தடுப்பார் இல்லை. ஒரு காலாளைக் காக்கப் புகுந்தவர் ஒரு குதிரையையோ பிஷப்பையோ இழந்தே யானையை மீட்க வேண்டும். பிள்ளைகள் இதனைப் பலகையில் ஆடிப் பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

இந்தக் காம்பிட் புதியதன்று. பழைய ஆட்டத்தில் மந்திரி மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும் எளிய காய். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அது அரசியாகிப் பலகை முழுதும் பாயும் ஆற்றல் பெற்றது. அக்காலத்தையொட்டி எழுதப்பெற்ற, கோட்டிங்கன் நகரில் உள்ள ஓர் ஏட்டுச்சுவடியிலேயே இத்தொடக்கம் காணப்படுகிறது. பின்னர் சிரியா நாட்டு அலெப்போ நகரில் பிறந்த பிலிப் ஸ்டாமா என்பவர் 1737இல் பாரிஸில் வெளியிட்ட நூலினால் இது பரவி, அலெப்போ காம்பிட் என்றும் சிலரால் அழைக்கப்பட்டது. கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் இட்டுக் குறிக்கும் முறையை வழங்கியவரும் அவரே. ஆயினும் 1747இல் லண்டனில் பிரெஞ்சு வீரர் பிலிடோர் அவரைத் தோற்கடித்தார். அதற்குப்பின் நூறாண்டுக்கு மேல் ஐரோப்பியர் பெரும்பாலும் இ4 ஆடிக் காய்களைப் பலிகொடுத்து அரசனை வேட்டையாடுவதையே வீரமென்று கொண்டனர். நம் சென்னையிலும் அந்த நாகரிகமே இருந்தது. 1829இல் குலாம் காசிம் என்னும் சென்னை ஆட்டக்காரரும் ஜேம்ஸ் காக்ரேன் என்னும் ஆங்கில அதிகாரியும் சேர்ந்து அங்கே அச்சிட்ட ஆராய்ச்சி நூல், குதிரையையே பலியிடும் முசியோ காம்பிட்டைப் பற்றியதாகும். அதற்கும் முன்னர் 1814இல் பம்பாயில், திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பவரின் வடமொழிச் சதுரங்க நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அச்சாயிற்று. பெயரைக் கொண்டே அவர் தென்னாட்டவர் என உணரலாம்.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம்.

மேற்சொன்ன ஜேம்ஸ் வேறு, நாம் கூறப்போகும் ஜான் காக்ரேன் வேறு. ஜான் காக்ரேன் 1798இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், பாரிஸ்டர், இந்தியா வந்து கல்கத்தாவில் தொழில் நடத்தியவர். இடையில் 1841 முதல் 1843 வரை லண்டனில் தங்கிய காலத்து, அந்நாளைய தலைசிறந்த ஆட்டக்காரர் ஸ்டாண்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவர். மீண்டும் கல்கத்தா திரும்பியபோது அவருக்கு ஈடுகொடுக்க அங்கு ஆளில்லை. வழக்கு நிமித்தம் வெளியூர் சென்றிருந்தபோது, ஒருவராலும் தோற்கடிக்கப்படாதவர் என்று பெயர்பெற்ற அந்தணர் ஒருவர் அங்கிருப்பதைக் கேள்வியுற்றுத் தேடிச்சென்று ஆடினார். காக்ரேனே வென்றார், ஆயினும் எதிரிலிருப்பவர் சாமானியர் அல்லர் என்று அவ்வொரு சந்திப்பிலேயே கண்டுகொண்டார். அவர்தாம் மகேசசந்திர பானர்ஜி. இருவகை ஆட்ட விதிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொண்டு கல்கத்தா வந்த அவரைக் காக்ரேன் அங்குள்ள சதுரங்கச் சங்கத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார். இது நிகழ்ந்தது 1848ஐ ஒட்டி. 1850இல் லண்டன் சதுரங்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கல்கத்தாக் கடிதம், காக்ரேனுடன் சரிசமமாக அமர்ந்து ஆடத்தக்கவர் இவர் ஒருவரே என்று தெரிவிக்கிறது.

விதி வேறுபாடு என்றோமே, அதுவே நம் கதைக்கு உயிர்நாடி. நம் நாட்டு ஆட்டத்தில் காலாள் எப்பொழுதும் ஒரு கட்டமே நடப்பான். முதல் அடியில் இரண்டு கட்டம் தாவுவது ஐரோப்பியர் சேர்த்தது. அரசனும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டுவதும் அவர்களுடையதே. நம் ஆட்டத்தில் செக் படாத அரசன் ஒருமுறை குதிரைபோல் தாவி ஒதுங்கலாம். நம் கிராமங்களில் திண்ணையில் ஆடிய பாட்டனார்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. இவ்விதிகளில் வளர்ந்த ஒருவருக்கு, நடுக்களத்தில் காலாளை இரண்டிரண்டு கட்டமாய் ஓட்டி மோதுவது இயல்பாய் வராது. காலாள்களை ஒவ்வோர் அடியாய் ஏற்றி, பிஷப்பை ஓரத்தில் ஜி7இலோ பி7இலோ மறைத்துவைத்து, எதிரி நடுக்களத்தைப் பிடித்துக்கொள்ள விட்டு, பிறகு அதனை இடிப்பதே அவருக்கு இயல்பாகும். மகேசசந்திரர் அவ்வாறே ஆடினார். ஐரோப்பியரின் விதிக்கு உட்பட்டார். ஆட்டத்தின் போக்கு மட்டும் தம் ஊரினதாகவே இருந்தது.

1855 மே மாதம் கல்கத்தாவில் இருவரும் ஆடிய ஓர் ஆட்டம் கிடைத்துள்ளது. காக்ரேன் வெள்ளை. அவர் டி4 ஆட, மகேசசந்திரர் குதிரையை எஃப்6க்கு எடுத்தார். காக்ரேன் சி4 ஆட, இவர் ஜி6 என்று ஒரே அடி வைத்தார். வெள்ளை தன் மற்றொரு குதிரையை சி3இல் இறக்கியதும் இவர் டி5 என்று நடுக்களத்தை இடித்தார். இந்த மூன்று நகர்த்தல்களையும் இன்று எந்தச் சதுரங்க நூலைத் திறந்தாலும் ‘குருன்ஃபெல்ட் தற்காப்பு’ என்ற தலைப்பில் காணலாம். எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் என்னும் வியன்னா நகரத்தார் அதனைப் பெரும் போட்டிகளில் புகுத்தியது 1922இல். அவ்வாண்டு வியன்னாவில், பிற்காலத்தில் உலக வீரரான அலெக்கைனையே அதனால் வீழ்த்தினார். கல்கத்தா ஆட்டம் அதற்கு 67 ஆண்டுகள் முந்தியது.

அந்த 1855 ஆட்டத்தில் மகேசசந்திரர் வெல்லவில்லை. 17ஆம் நகர்த்தலில் காக்ரேன் குதிரையை ஜி5க்குப் பாய்ச்சினார். இவர் இ2இல் இருந்த வெள்ளைப் பிஷப்பை வெட்டினார். குதிரை எஃப்7 காலாளை வெட்டி உள்ளே புகுந்தது. இவர் தம் குதிரையை ஏ5இல் வைத்து பி3இல் இருந்த வெள்ளையரசியைத் தாக்கினார். இங்கேதான் வலை விரிக்கப்பட்டிருந்தது. வெள்ளைக் குதிரை எச்6க்குத் தாவவும், குதிரையினாலும் அரசியினாலும் ஒருங்கே இரட்டைச் செக். அரசன் மூலைக்கு ஓடத்தான் வேண்டும். அடுத்து வெள்ளையரசி ஜி8இல் தன்னையே பலியாக்கிக்கொள்ள, கறுப்பு யானை அவளை வெட்டுவது தவிர வேறு வழியில்லை. பின் குதிரை மீண்டும் எஃப்7க்கு வர, தன் யானையும் தன் பிஷப்பும் தன் காலாளும் சூழ்ந்து அடைத்துக்கொண்டிருக்க, கறுப்பரசன் நகர இடமின்றி மடிந்தான். மிக அழகிய முடிவு, வெற்றி காக்ரேனுடையது. இருவருக்குமிடையே நடந்து நமக்குக் கிடைத்துள்ள ஆட்டங்களில் பெரும்பான்மையும் அவர் வென்றவையே. இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. எனினும் தோற்ற ஆட்டத்தின் தொடக்கமே நிலைபெற்றது என்பதைக் கவனியுங்கள். எஃப்7 காலாளின் கதியைப் பார்த்து முதல் மூன்று நகர்த்தல்களைக் குறைகூற முடியாது. வண்டி வழியில் தடம் புரண்டால் புறப்பட்ட நிலையத்தின் அதிகாரியை யாரும் தண்டிப்பதில்லை.

காக்ரேன் 1869 வாக்கில் தாயகம் திரும்பி 1878இல் மறைந்தார். ‘இந்தியத் தற்காப்பு’ என்ற சொல் அச்சில் காணப்படுவது 1884 முதல். மகேசசந்திரர் காக்ரேனுக்கு எதிரே ஆடிய முறை என்பதே அப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்பொழுதும் ஐரோப்பியர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1886இல் ஸ்டைனிட்ஸும் சூக்கர்டார்ட்டும் முதல் உலகப் பட்டத்துக்காகப் பொருதியபோது, முதல் ஆட்டமே டி4, டி5, சி4, சி6 என்று அரசியின் காம்பிட்டாகத் தொடங்கியது. அதன்பின் அது கனவான்களின் ஆட்டமாயிற்று. 1927இல் பியூனஸ் அயர்ஸில் காப்பாபிளாங்காவும் அலெக்கைனும் ஆடிய 34 ஆட்டங்களில் 32இல் காம்பிட்டை ஏற்காமல் இ6 என்று மறுக்கும் அதே முறை திரும்பத் திரும்ப வந்தது. அலெக்கைன் 6 வென்று 3 தோற்றார். மீதி 25 ஆட்டங்களும் சமநிலை. அதனைப் படித்துப் பார்த்தோம். உறக்கம் வராத இரவுகளுக்கு உகந்தது என்று மட்டும் சொல்வோம்.

இந்தச் சலிப்பே கல்கத்தாவின் முறையை மீட்டது எனலாம். அதே பத்தாண்டில் நிம்சோவிச், ரேட்டி, குருன்ஃபெல்ட் முதலிய இளைஞர்கள், நடுக்களத்தைக் காலாளால் நிரப்பவேண்டியதில்லை, தூரத்திலிருந்து காயால் ஆளலாம் என்று கிளம்பினர். டி4க்கு விடையாகக் குதிரையை எஃப்6இல் எடுக்கும் முறைகள் யாவும் இந்தியத் தற்காப்பு என்ற பொதுப்பெயரின் கீழ் வந்தன. பிஷப் ஜி7இல் அமர்ந்து கறுப்பரசனின் பக்கம் காத்தால் அரசனின் இந்தியத் தற்காப்பு. பி7இல் அமர்ந்தால் அரசியின் இந்தியத் தற்காப்பு. நிம்சோவிச்சின் பெயரோடு சேர்ந்தது நிம்சோ-இந்தியத் தற்காப்பு. மகேசசந்திரரின் பெயர் இவற்றுள் ஒன்றிலும் இல்லை. குருன்ஃபெல்ட் ஆராய்ந்து நிலைநாட்டியவர். அவர் பெயர் இருப்பதில் நமக்குக் குறையில்லை. நாட்டின் பெயர் நிற்கிறது, ஆளின் பெயர் உதிர்ந்தது என்பதே நம் வருத்தம். அவரும் ஐரோப்பியராய்ப் பிறந்திருந்தால் இன்னார் தற்காப்பு என்றே வழங்கியிருப்பர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இதே தற்காப்பு மற்றொருமுறை வேடிக்கையாய்த் திரும்பி வந்தது. பஞ்சாபின் மிட்டா திவானா என்னும் ஊரினரான மீர் சுல்தான் கான், நாட்டு விதிப்படி ஆடி வளர்ந்து, 1928இல் அகில இந்திய வீரராகி, 1929இல் சர் உமர் ஹயாத் கானுடன் லண்டன் சென்றார். அவ்வாண்டும், பின் 1932, 1933 ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் பட்டம் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவர் வெள்ளைக்காய் கொண்டு அரசியின் காலாள் வழியில் ஆட, எதிரே அமர்ந்த காப்பாபிளாங்கா அரசியின் இந்தியத் தற்காப்பை மேற்கொண்டார். இந்தியரிடம் இந்தியத் தற்காப்பு! சுல்தான் கான் அறுபதுக்கு மேற்பட்ட நகர்த்தல்கள் பொறுமையாய் நெருக்கி வென்றார். 1933 முடிவில் நாடு திரும்பிய அவர் 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல்.

நம்மவர் பக்கம் வருவோம். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972இல் அவர் முயற்சியால் சென்னைச் சோவியத் கலாசார நிலையத்தில் டால் சதுரங்கச் சங்கம் தோன்றியது. அங்கே ஆடிப் பழகிய மயிலாடுதுறைச் சிறுவன் விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதை யாவரும் அறிவர். தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர் 2008இல் காட்டிய துணிவு தனியே எழுதத்தக்கது. வாழ்நாள் முழுதும் இ4 ஆடியவர் என்று பெயரெடுத்தவர், பான் நகரில் கிராம்னிக்குடன் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது டி4 ஆடினார். எதிரி பல மாதம் இ4க்கு விடை தேடிவைத்திருப்பார் என்பதை அறிந்தே வழியை மாற்றினார். 3ஆம், 5ஆம் ஆட்டங்களில் கிராம்னிக் தாமே அரசியின் காலாளை ஏற்ற, ஆனந்த் கறுப்புக்காயில் மெரான் என்னும் கூரிய முறையால் இருமுறையும் வென்றார். 6ஆம் ஆட்டத்தில் வெள்ளைக்காயுடன் டி4 ஆடி நிம்சோ-இந்தியத் தற்காப்பையும் தகர்த்தார். முடிவு ஆறரைக்கு நாலரை. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, அவர் ஏறத்தாழ 40 மணி நேரம் சாலை வழியே சென்று சோபியா நகரை அடைந்து டோபலோவை எதிர்த்தார். (ரயிலில் சென்றிருக்கலாமே என்று நம் காரியாலயத்தில் ஒருவர் அப்போது வருந்தினார்.) மே 11ஆம் நாள் கடைசி ஆட்டத்தில் கறுப்புக்காயுடன், மிகப் பழமையான லாஸ்கர் முறையால் அரசியின் காம்பிட்டை மறுத்து ஆடி வென்று பட்டத்தைக் காத்தார்.

நம் காலனிச் சிறுவர் எதனைத் தேர்ந்து ஆடுவது? பத்து வயதுக்குட்பட்டோர் இ4 ஆடி அடிபட்டுப் பழகட்டும். கைகளுக்குச் சற்றே பொறுமை வந்தபின் டி4க்கு மாறுதல் தகும். கறுப்புக்காயில் முதலில் டி5, இ6 என்று காம்பிட்டை மறுத்து ஆடிக் காய்களை வெளிக்கொணரக் கற்றபின், இந்தியத் தற்காப்புகளில் ஒன்றைக் கைக்கொள்ளலாம். ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அரசியின் காலாள் வழிகள் நம் கரக்பூர் சந்திப்புப் போன்றவை. ஹவுராவிலிருந்து வரும் பாதை இங்கே மும்பைப் பக்கமும் சென்னைப் பக்கமும் பிரிகிறது. அதுபோல ஒரு தொடக்கம் மற்றொன்றாகப் பிரியும். வேறு பாதையில் வந்த ஆட்டமும் இதில் வந்து சேரும். 1972இல் ரெய்க்யவிக்கில் பிஷர் ஆறாம் ஆட்டத்தைச் சி4 என்று தொடங்கி, வழியில் அரசியின் காம்பிட்டுக்குள் நுழைந்து ஸ்பாஸ்கியை வென்றார்; தோற்ற ஸ்பாஸ்கியே கைதட்டினார். ஆகவே நகர்த்தல் வரிசையை மனப்பாடம் செய்வது போதாது. காய்கள் எங்கே நிற்க விரும்புகின்றன என்பதை அறியவேண்டும். கைப்பேசியைப் பார்த்துப் பதினைந்து நகர்த்தல் ஒப்பிக்கும் பிள்ளை, எதிரி பதினாறாவதை வேறாக ஆடியதும் அண்ணாந்து பார்ப்பதை வாசகசாலையில் கண்டுவருகிறோம்.

2024இல் சிங்கப்பூரில் 18 வயதுச் சென்னை இளைஞர் குகேஷ், சீனத்து டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று உலக வீரரானார். அதில் அவருடைய முதல் வெற்றி மூன்றாம் ஆட்டத்தில், டி4 ஆடி அரசியின் காம்பிட்டில் கிடைத்தது. டிசம்பர் 12ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் டிங் வெள்ளைக்காய். பிஷப்பை ஜி2இல் ஒதுக்கிவைத்து, நான்காம் நகர்த்தலில் டி4 என்று நடுக்களத்தை இடித்தார். நிறம் மாறிய குருன்ஃபெல்ட் அது. 1855இல் மகேசசந்திரர் கறுப்பில் நிறுத்திய அதே அணியை இங்கே வெள்ளை கட்டியது. மணிக்கணக்கில் நீண்ட அந்த ஆட்டத்தின் 55ஆம் நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைக்க, குகேஷ் யானைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டு, எஞ்சிய காலாள்களைக் கொண்டே ஆட்டத்தை முடித்தார்.